சுங்கை சிப்புட்டில் பாட்டு ராத்திரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் சொந்தக்காரர்களும், அவர்கள் கூட்டி வரும் கோலாலம்பூர், சிங்கப்பூர் நண்பர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதற்கு எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் சுற்றிலும் ரப்பர்த் தோட்டம் இருந்த, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிற எந்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அங்கே என்னதான் கேட்கக் கிடைக்கும்?

மேடை, டிக்கெட், நாற்காலி வரிசை என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். கிடைப்பது வேறு. கோயில் திருவிழாவில் உறுமி மேளம், நாதஸ்வரமும் தவிலும், கரகத்துக்கு முன்னால் பம்பை. நவராத்திரியில் பெண்களின் கும்மி, கோலாட்டம். மார்கழி விடியற்காலையில் ஆர்மோனியமும் ஜால்ராவுமாகப் பஜனை. அப்புறம் எந்த நாள்காட்டியிலும் இல்லாத ராத்திரிகள் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தலுக்கடியில் காய்கறி நறுக்கிக்கொண்டே ஒரு பாட்டி எடுத்துவிடும் பாட்டு, அதற்குப் பக்கத்தில் வெங்காயம் உரிக்கும் நாலு பேர் பின்பாட்டு. என்னைக் கேட்டால் அந்த நாலாவது வகைக்காகத்தான் ஊருக்கு வர வேண்டும். மற்றதெல்லாம் பத்துமலையிலும் கிடைக்கும்.

மைக் இல்லாமல் கேட்க வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறீர்கள்?

உறுமியின் ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது எழும் அந்த முனகல்தான் உறுமிக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. அதை ஒலிபெருக்கியில் போட்டால் அடி மட்டும் பெரிதாக வெடிக்கும், முனகல் இரைச்சலாகிவிடும். பத்தடி தூரத்தில் நேராக நின்று கேட்டவருக்கு வயிற்றுக்குள் ஏதோ நகர்வதுபோல் இருக்கும்.

பாட்டுக்கும் இதே கதைதான். லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மின்சாரம் வராத காலத்தில் உருவான பாட்டுகள் இவை. ஒருவர் முதலடி எடுப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். தனிக் குரல் கூட்டத்தின் கடைசி ஆளை எட்டாது, ஆனால் எல்லாரும் சேர்ந்து திருப்பிப் பாடினால் எட்டும். பின்பாட்டு அங்கே அலங்காரம் கிடையாது, அதுவே ஒலிபெருக்கி. முன்பாட்டுக்காரர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. வேலை இல்லாதவன் கைப்பேசியை எடுக்கிறான். பாட்டு ஒரே ஆளிடம் போய் நின்றுவிடுகிறது. இதை எத்தனையோ திருவிழாவில் பார்க்கலாம். அதே அக்கா, அதே பாட்டு, மேடையில் ஏறினால் மூன்று நிமிடத்தில் முடித்து இறங்கிவிடுவார். கீழே பாயில் உட்கார்ந்தால் நிறுத்தவே மாட்டார்.

எந்த மாதம் வருவது நல்லது?

தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பேராக்கில் அன்று பொது விடுமுறை. உறுமிக் குழுக்களின் பயிற்சி பல வாரம் முன்பே தொடங்கிவிடும். திருவிழா நாளைவிட அந்தப் பயிற்சி ராத்திரிகளே கேட்பதற்கு வாட்டமானவை. நெரிசல் இல்லை, தப்பு விட்டால் நிறுத்தி மறுபடி வாசிப்பார்கள், தாளம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது புரியும்.

மாசியில் காமன் கூத்து. மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பாட்டாலேயே வாதாடும் லாவணி அதன் உறவு. தோட்டங்களில் இதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ரதி அழும் இடத்தைப் பாடச் சொன்னால் பாடவும் செய்வார்கள். முழுக் கூத்து பார்ப்பது இப்போது அரிது. சித்ரா பௌர்ணமியை ஒட்டியும் ஆடியிலும் மாரியம்மன் திருவிழாக்கள். பழைய தோட்டத்துக் கோயிலாக இருந்தால் எங்கெங்கோ குடிபெயர்ந்தவர்கள் எல்லாம் அன்றைக்குத் திரும்பி வருவார்கள். கூட்டம் திரும்பினால் பாட்டும் திரும்பும். ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால், ஆடியில் வாருங்கள்.

தகவல் எங்கே கிடைக்கும்? இணையத்தில் ஒன்றும் இல்லையே.

இருக்காது. மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் திருவிழா நோட்டீஸ், கோயில் அறிவிப்புப் பலகை, யாராவது ஒரு மாமாவின் வாட்ஸ்அப் குழு. நோட்டீஸில் ‘இரவு 8 மணிக்கு சுவாமி புறப்பாடு’ என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போங்கள். தவில்காரர் வாரை இறுக்கித் தட்டிப் பார்க்கும் நேரம் அது.

தோட்டமே போய்விட்டது. பிறகு தோட்டப் பாட்டு எங்கிருந்து வரும்?

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

நம் ஆட்கள் முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும் பிறகு கங்காணி (ஆள் சேர்க்கும் மேஸ்திரி) வழியாகவும் வந்தார்கள். ஒப்பந்த முறை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதற்குள் பால்மர (ரப்பர்) காடு முழுக்கத் தமிழ்க் குரல். ரஜுலா கப்பலில் வந்தவர்கள் கிராமத்து நடவுப் பாட்டையும் தாலாட்டையும் கும்மியையும் மெட்டோடு கொண்டு வந்தார்கள். இங்கே நடவு இல்லை. ஆகவே மெட்டு அப்படியே இருக்க, சொல் மாறியது. நாற்று இருந்த இடத்தில் பால்வாளி வந்தது. ஆண்டை இருந்த இடத்தில் மண்டோரும் (மேற்பார்வையாள்) கிராணியும் (எழுத்தர்) துரையும் வந்தார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது, மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை என்பது, அட்டை கடிப்பது, எல்லாமே பாட்டுக்குள் ஏறின. கங்காணியை முகத்துக்கு நேரே திட்ட முடியாதவர்கள் கும்மியில் திட்டினார்கள். அவரும் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பிறகு ஜப்பான்காரன் காலம். 1942–43இல் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பாதவர் ஏராளம். பல வீடுகளில் உடல் இல்லாமலேயே ஒப்பாரி வைக்க வேண்டியிருந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலுள்ள இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்தே அவசர காலம் பிரகடனமானது. முள்வேலி, ஊரடங்கு. ராத்திரியில் கூடிப் பாடுவது என்பது நினைத்த மாதிரி நடக்கிற காரியமாக இல்லை.

அதன் பின் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் அலை. இந்த ஊரில் பிறந்த, அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதைத் தடுக்கத்தான். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி (அன்றைய டாலர்) கட்டித் தாங்கள் வேலை செய்யும் தோட்டத்தையே வாங்கலாம் என்பது திட்டம். சில தோட்டங்கள் அப்படிக் காப்பாற்றப்பட்டன. மற்ற இடங்களில் பால்மரம் போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. லயம் காலியானது. மக்கள் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) அடுக்குமாடிகளுக்கும் போனார்கள்.

பாட்டும் அவர்களோடுதான் போனது. லயத்தில் சுவருக்குச் சுவர் வீடு, ஒரு வீட்டில் தொடங்கினால் ஆறு வீட்டில் தொடரும். அடுக்குமாடியில் கதவைச் சாத்திவிட்டால் எதிர்வீட்டில் யார் என்றே தெரியாது. பாட்டு அழியவில்லை. பின்பாட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எழுபது தாண்டிய பல பெண்களிடம் முழுப் பாட்டு இருக்கிறது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ‘தன்னானே’ போடத் தயாராக இருந்தால் வெளியே வரும். உங்களைப் போன்றவர்கள் வருவதால் ஏதாவது பலன் உண்டென்றால் அது இதுதான்.

உறுமி என்றாலே அடிதடி என்று அம்மா பயப்படுகிறாரே?

அம்மா பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. கூட்டத்தில் நாலு பேர் குடித்துவிட்டு வந்தால் அந்தப் பழி மேளக்காரன் தலையில் விழும். சாமி முன்னால் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள் என்ற புகாரும் பழசு. ஆலய நிர்வாகங்கள் கட்டுப்பாடு போடுவது அதனால்தான். மறுபாதியையும் பாருங்கள். பள்ளியில் ஆர்வமில்லாத பையன், பகலில் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் சில ராத்திரிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து தாளம் பழகுகிறான். மூத்தவனுக்கு அடங்குகிறான். இந்த ஊரில் இளைஞர்கள் தாமாகவே தேடிப் போய்க் கற்கும் மரபுக் கலை வேறு எது இருக்கிறது? பரதநாட்டியத்துக்கு அம்மாக்கள்தான் கூட்டிப் போகிறார்கள்.

அம்மாவைப் பயிற்சி ராத்திரிக்குக் கூட்டி வாருங்கள். ‘அண்ணே, வாசிக்கிறதைக் கேட்கலாமா?’ என்று கேட்டால் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். பையன்கள் அம்மாவை ஆண்ட்டி என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த பிறகு பயம் தானாகக் குறையும்.

பறை சாவுக்கு அடிப்பதுதானே? கல்யாண வீட்டில் எப்படி?

சாதியோடும் சாவோடும் அதைக் கட்டிப்போட்டது தமிழ்நாட்டில். அந்தப் பார்வையும் கப்பல் ஏறி வந்தது, மறுப்பதற்கில்லை. இப்போது மலேசியாவில் பிள்ளைகள், பெண்கள் உட்படப் பலர், பறையைப் பெருமையாகத் தூக்குகிறார்கள். அரங்கிலும் வாசிக்கிறார்கள், கல்யாணத்திலும் வாசிக்கிறார்கள். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறுகையில் மெல்லிய நீளமான சுண்டுக்குச்சி. வாசிப்பதற்கு முன் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள். நம் ஊர் ஈரத்தில் அரை மணியில் தோல் தளர்ந்துவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். அந்த இடைவெளியைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முகம் சுளிக்கும் பெரியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அங்கேயே நின்று வாதாட வேண்டாம். அடுத்த அடவில் அவர் காலும் தாளம் போடுவதைப் பார்க்கலாம்.

ஒப்பாரி கேட்க வேண்டும் என்று ஆசை. முடியுமா?

அதைக் கேட்பதற்காக இழவு வீட்டுக்குப் போகாதீர்கள். சும்மா இருக்கும் வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள், ஆகவே பாட்டியை வற்புறுத்தவும் வேண்டாம். அவராகத் தொடங்கினால் கேளுங்கள்.

தமிழ்ப் பாட்டு மட்டும்தானா?

சீன ஏழாம் மாதத்தில் கோயில்களுக்கு முன்னால் மேடை போட்டு ஓப்பரா நடத்துவார்கள். முன்வரிசை ஆவிகளுக்கு, அதில் மட்டும் உட்காராதீர்கள். ஜொகூர் பக்கம் போனால் மலாய் கஸல் கேளுங்கள். ஆர்மோனியமும் தபேலாவும் காம்புஸ் என்னும் நரம்புக் கருவியோடு சேர்ந்து வரும், நம் காதுக்கு உடனே பிடிபடும்.

ஆனால் சுங்கை சிப்புட்காரர்கள் பலரே மறந்துவிடும் ஒன்று நமக்கு மேலே, உலுவில் (ஆற்றின் மேல்பகுதியில்) இருக்கிறது. லாசா சாலை வழியே மலைக்குள் போனால் பூர்வகுடிகளான தெமியார் மக்களின் கிராமங்கள். பாட்டும் ஆட்டமுமான அவர்களுடைய சேவாங் ராத்திரியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நீளமும் குட்டையுமான மூங்கில் குழாய்களைச் சோடியாகப் பிடித்துக் கட்டையில் குத்துவார்கள். இரண்டு குழாய்க்கும் இரண்டு சுரம். பாடுகிறவர் ஓர் அடி பாட, பெண்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்தப் பாட்டுகள் கனவில் மலையோ மரமோ ஆறோ கற்றுக் கொடுத்தவை என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருவர் எடுக்க, கூட்டம் திருப்புகிறது. நம் கும்மியைக் கேட்ட காதோடு போனால் அந்நியமாகவே இருக்காது. ஒரு நிபந்தனை: அழைப்பில்லாமல் போகக் கூடாது. சேவாங் அவர்களுக்கு நோய் தீர்க்கும் சடங்கும்கூட. விருந்தினரை வரவேற்று நடத்தும் ராத்திரிகளும் உண்டு, அங்கே பழக்கமுள்ள யாராவது கூட்டிப் போனால் போங்கள்.

சாப்பாடு?

கோயிலில் அன்னதானம் இருக்கும், வாழையிலைச் சைவம். கோயிலுக்கு வெளியே ஒட்டுக்கடையில் மீ கோரேங், நாசி லெமாக், தே தாரிக். முனியாண்டி பூசையாக இருந்தால் நடுநிசிக்கு மேல் கறிச்சோறு. கள்ளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதை இங்கே எழுத மாட்டேன், நேரில் கேளுங்கள்.

எனக்குப் பாட வராது. சும்மா உட்கார்ந்து கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் பாதிதான் கிடைக்கும். பின்பாட்டுக்குக் குரல்வளம் வேண்டியதில்லை. முதல் இரண்டு சுற்றில் வாயைத் திறக்காமல் எங்கே கூட்டம் பிடிக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அடியின் கடைசிச் சீரைத்தான் திருப்புவார்கள். மூன்றாவது சுற்றில் மெதுவாகச் சேர்ந்துகொள்ளுங்கள். கைதட்டு முந்திப் போகக் கூடாது. புதிதாக வருபவர்கள் உற்சாகத்தில் தாளத்தை ஓட்டிவிடுவார்கள், பாட்டி மூச்சு வாங்குவார். கும்மியில் வட்டத்துக்குள் நுழைய நினைத்தால் பக்கத்தில் இருக்கும் அக்காவைப் பார்த்துச் சிரித்தால் போதும், இடம் விடுவார். ஆண்கள் கோலாட்டத்தில் சேரலாமா என்பது அந்தந்தக் கூட்டத்தின் வழக்கம், கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சொல் மறந்து பாடகர் தடுமாறினால் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் அந்த இடத்தில் புதிதாக ஒன்றைக் கட்டிப் பாடுவார். உங்கள் சட்டை நிறமோ நீங்கள் கோலாலம்பூரிலிருந்து வந்த கதையோ அதில் வந்தால் கோபப்படக் கூடாது.

வீடியோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். முழுப் பாட்டையும் ஒலிப்பதிவாக மட்டும் எடுத்துப் பாடியவரின் பிள்ளைகளுக்கு அனுப்பி வைத்தால் அது உதவி. பதினைந்து விநாடி டிக்டாக்குக்காக விளக்கை முகத்தில் அடிப்பது தொல்லை. சாமி ஆடுபவரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

காசு கொடுக்க வேண்டுமா?

நுழைவுக் கட்டணம் இராது. தவில், நாதஸ்வரம், உறுமி வாசிப்பவர்களுக்குக் கோயிலோ வீட்டுக்காரரோ கூலி பேசியிருப்பார்கள், நீங்கள் மேலே அன்பளிப்பாகக் கொடுப்பதில் தடையில்லை. வீட்டில் பாடிய பாட்டியின் கையில் வெள்ளியைத் திணிக்காதீர்கள். வெற்றிலை பாக்கு, பழம், ஒரு சேலை, இப்படித் தட்டில் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். வேறு இடத்துக்குப் பாட அழைத்துப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. கித்தார் வாசிக்கிற பையனுக்குக் கொடுக்கும் தொகையைக் குறையாமல் அவருக்கும் கொடுங்கள்.

எப்படி வருவது? திரும்புவது?

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ரயில் நிலையமும் இருக்கிறது. வருவது சுலபம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் திரும்புவதுதான் பாடு. பழைய தோட்டத்துக் கோயில் செம்பனைக்குள் இருந்தால் கிராப் (வாடகைக் கார்) ஓட்டுநர் வர யோசிப்பார். சொந்தக் காரில் வாருங்கள், அல்லது சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து அவசியம்.

நாங்களே எங்கள் தாமானில் ஒரு ராத்திரி நடத்தினால்?

தாராளமாக. பொது இடமென்றால் நகராண்மைக் கழகத்திடமும் போலீஸிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். இந்த வட்டாரத்துக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். இங்கே சூரியன் மறைவது ஏறக்குறைய ஏழிலிருந்து ஏழரைக்குள். பாங்கு சொல்லி மக்ரிப் தொழுகை முடியட்டும், எட்டு மணிக்குமேல் தொடங்குங்கள். அக்கம்பக்கத்து மலாய், சீன வீடுகளுக்கு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி, வரவும் சொல்லுங்கள். ஒலிபெருக்கி இல்லை என்று தெரிந்தாலே பாதிப் பேர் சரி என்பார்கள்.

நாற்காலியை வரிசையாகப் போடாதீர்கள். பாய் விரித்து வட்டமாக உட்காரவையுங்கள், முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் ஓரத்தில் நாற்காலி. வரவேற்புரை, பொன்னாடை, பிரமுகர் உரை மூன்றையும் விட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் மிச்சம். கரோக்கே பெட்டியை யாராவது கொண்டு வருவார், காரிலேயே இருக்கட்டும் என்று அன்பாகச் சொல்லுங்கள். தொடங்கத் தயங்கினால் தாலாட்டு கேளுங்கள். எந்தப் பெண்ணும் தாலாட்டுத் தெரியாது என்று சொல்வதில்லை. ஒன்று வந்தால் அடுத்தது வந்துவிடும்.

மழை வந்தால்?

ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிமழை சகஜம். கோயில் மண்டபத்துக்குள் போய்விடுவோம். தகரக் கூரை என்றால் மழை விடும்வரை பாட்டு கேட்காது. தவிலை மட்டும் முதலில் உள்ளே தூக்கிவிடுங்கள்.